கடைசி வெள்ளைக் கட்டை

என் நாத்தனாரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவள் டாக்டரும் இல்லை, பல்லைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. பியானோவின் கட்டைகள் மேல் ஒட்டியிருக்கிற வெள்ளைத் தகடு விழுந்துபோனாலோ உடைந்துபோனாலோ, அதற்கு ஜோடியான தகடு தேடிப்பிடித்து ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் உடனே, இதை வைத்து ஒருத்தி பிழைக்க முடியுமா என்பார்கள். முடிகிறது, அதுவும் நன்றாகவே முடிகிறது. வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் அதை வாசிக்கிறார்களோ இல்லையோ, பொக்கை வாயோடு கூடத்தில் நிற்க விடமாட்டார்கள்.

வேலை நடந்ததெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையில். அவளுக்கென்று பின்னால் ஓர் அறை உண்டு. அதில் கட்டில் போக மீதி இடம் முழுக்க டப்பாக்கள். பிஸ்கட் டப்பா, மிட்டாய் டப்பா, டீத்தூள் டப்பா என்று எதைத் திறந்தாலும் பழைய தகடுகள்தான் இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னல் சாப்பாட்டு மேஜைக்கு நேரே இருந்ததால், வெளிச்சத்துக்காக அங்கே வந்து உட்கார்ந்தவள் அப்படியே மேஜையை வளைத்துப் போட்டுக்கொண்டாள். தட்டு வைக்க இடமில்லை என்று நான் கட்டைகளைத் தள்ளினால், பசை இன்னும் காயவில்லை என்பாள். பசை காயும்வரை மனுஷர்கள் பட்டினியா கிடப்பது என்பேன். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் கொடுக்கக் கூடாது என்பதை அவர் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்ட புத்திசாலி.

நான் சலவைக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர்கள் கறையைப் பார்த்து, இது குழம்பா மையா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதைத் தாங்குகிற ஒரே ஆள் அவள்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள், அதுவும் சரியாகக் குத்துகிற இடத்தில் விழும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. அப்போது அவள் பல்செட் செய்கிற கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். ஒருவருடைய மீதிப் பற்களின் நிறத்தைப் பார்த்து, அதற்கேற்ற கட்டுப்பல்லைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. முதலில் பார்க்க வந்தவர் நிறையச் சிரித்தார். அவர் படியிறங்கியதும், எப்படி என்று ஆசையாகக் கேட்டேன். முன்பல் இரண்டும் கட்டியது, கட்டியவனுக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை என்றாள். அடுத்து வந்தவருக்கு எல்லாம் சொந்தப் பல். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் உட்கார்ந்த உடனேயே ஆரம்பித்தார். பல் நன்றாக இருக்கிறது, வாய்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்கும் சண்டைக்குத் துணை கிடைத்தது.

பியானோ வேலை வந்து சேர்ந்தது வேடிக்கையாக. அந்தக் கூடத்துக்குப் பல் கட்டிக்கொள்ள வந்த ஒரு பாட்டு டீச்சர், கைப்பையிலிருந்து ஒரு மொட்டைக் கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, இதற்கும் ஒரு பல் கட்டிவிடுங்களேன் என்றாராம். முதலாளி சிரித்தார். இவள் சிரிக்கவில்லை, கட்டையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய சாமான் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு பியானோவிலிருந்து தகடுகளை வாங்கி, அதில் ஒன்றை ஒட்டிக் கொடுத்தாள். டீச்சர் அதை மாட்டிய பிறகு, எது புதிது என்று தெரியாமல் போன் போட்டுக் கேட்டார். அன்றைக்கு இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

ஒட்டுவது என்றால் ஏதோ தபால்தலை ஒட்டுவது போல என்று நானும் நினைத்திருந்தேன். முதலில் கட்டையில் இறுகிக் கிடக்கும் பழைய வஜ்ரப் பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மரத்தைச் சமதளமாக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் அந்தக் கட்டை மட்டும் பக்கத்துக் கட்டையைவிடத் தாழ்ந்துவிடும், வாசிக்கிறவர் விரல் அங்கே தடுக்கும். பிறகு தகடு. இப்போது கடையில் கிடைக்கிற புதிய தகடுகள் தடிமன், நிறமும் குளியலறை ஓடு மாதிரி பளீரென்ற வெள்ளை. முழுப் பியானோவுக்கும் மாற்றினால் பரவாயில்லை. பழையவற்றுக்கு நடுவில் ஒன்றை ஒட்டினால் ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அத்தனை டப்பா. உடைத்துப் போட்ட பியானோக்களின் தகடுகளை என்னுடைய இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டிக் கிளப்பி எடுப்பாள். என்னிடம் கேட்காமல்தான்.

வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவளுக்கு அதில் பால் இருக்கிறது, மோர் இருக்கிறது, டீ சிந்திய காகிதம் இருக்கிறது, சிகரெட் பிடிக்கிறவர் வீட்டுச் சுவர் இருக்கிறது. ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பாள், தண்ணீர் தொட்டுப் பார்ப்பாள், கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டுத் திறந்து பார்ப்பாள். அந்தச் சமயத்தில் நான் சிவப்பு நைட்டியோடு பக்கத்தில் நின்றால் போச்சு. சிவப்பு தகட்டில் அடிக்கிறது என்று விரட்டுவாள். என் வீட்டில், என் ஜன்னல் பக்கத்தில், என் நைட்டியோடு நிற்க எனக்கு உரிமை கிடையாது.

தகடு அமைந்துவிட்டால் மெல்லிசாகப் பசை தடவி, முன்விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பார்த்து, மேலும் கீழும் மரத்துண்டு வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குவாள். மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. பிறகு அரத்தால் ஓரம் தேய்த்து, துணியால் மெருகேற்றினால் வேலை முடிந்தது. இந்த வேலையில் வந்த வரும்படி கூடத்துச் சம்பளத்தைத் தாண்டியதும், அவள் கூடத்தை விட்டுவிட்டாள்.

டியூனர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில். வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர், பிள்ளைகள் இல்லை. சட்டையை எப்போதும் நன்றாகத் தேய்த்துப் போட்டிருப்பார், அது எனக்குப் பிடித்திருந்தது. பேச்சுதான் கிடையாது. நாளெல்லாம் காதை வைத்தே பிழைக்கிறவருக்கு வாய் ஒரு கூடுதல் சாமான் போலிருக்கிறது. என்ன கேட்டாலும் ஒரே சுருதியில் ‘ம்’ என்பார். நான் அவருக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர் வைத்தேன். நாத்தனார் அதற்குச் சிரித்தாள், ஆனால் அவள் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

முதல் தடவை ஒரு டாக்டர் வீட்டுக் கட்டை என்று கொண்டுவந்தார். அடுத்தது ஒரு பள்ளிக்கூடத்துடையது. பிறகு ஹோட்டல், பிறகு வக்கீல் வீடு, பிறகு யாரோ வெளியூர் போனவர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டை, மிஞ்சிப்போனால் இரண்டு. துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தின தடவை ஒட்டியதை எடுத்துக்கொண்டு போவார். நடுவில் ஒரு டீ குடிப்பார். அவர் டீ குடிக்கிற நேரம் மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒன்றை நீட்டுவாள், அவர் ம் என்பார். வேறொன்றை நீட்டுவாள், அதற்கும் ம் என்பார். சமையல்கட்டிலிருந்து கேட்கிற எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஒருநாள் மழை விடாமல் பெய்ததால், புதிதாகக் கொண்டுவந்ததை வைத்துவிட்டு, ஒட்டி முடித்த இரண்டையும் எடுத்துப் போகாமல் ஓடினார். இரவுச் சாப்பாட்டுக்கு இடம் பண்ண நான் மூன்று கட்டைகளையும் சேர்த்து ஓரமாகத் தள்ளினேன். கட்டையின் முன்பாதிதான் தகடு, பின்பாதி வெறும் மரம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அந்த மரத்தைப் பார்த்தார். இடது கையால் கட்டைகளை நெருக்கி வரிசையாக வைத்தார். ஒரு பழுப்புக் கோடு முதல் கட்டையில் சாய்வாகப் புறப்பட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்ததில் தொடர்ந்து, மூன்றாவதில் போய் முடிந்தது.

“மூணும் ஒரே பலகைல அறுத்தது,” என்றார். அதோடு ரசத்தில் சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பியானோவின் கட்டைகளையெல்லாம் ஒரே பலகையிலிருந்துதான் அறுப்பார்கள் என்று நாத்தனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் டாக்டர் எங்கே, வக்கீல் எங்கே, ஹோட்டல் எங்கே? எல்லாம் ஒரே பியானோ. ஒன்றரை வருஷமாக ஒரு மனுஷன் என் மேஜையில் என் டீயைக் குடித்துக்கொண்டு வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். அதுவும் வாயைத் திறக்கிறதே அந்தப் பொய்க்குத்தான். நேரே அவள் அறைக்குப் போய், உன்னை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறான் என்று கத்தினேன்.

அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“தெரியும் அண்ணி. மூணாவது தடவை மரத்தைப் பாத்தப்பவே தெரியும். டாக்டர் வீட்டுது மட்டும் நிஜம். மத்ததெல்லாம் அவர் வீட்டுப் பியானோ.”

“தெரிஞ்சுமா ஒட்டிக் குடுத்த?”

“ஒட்டத்தானே கொண்டு வந்தாரு.”

பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஊரிலுள்ள பியானோவுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டில் பல்லில்லாத பியானோ இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்றாள். முதலில் வந்த கட்டைகளில் தகடு தானாக விழுந்திருந்தது. போகப்போக, தகடு இருந்த இடத்தில் புதிதாகக் கத்தி பட்ட தழும்பு இருக்க ஆரம்பித்தது. அதாவது நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன், இங்கே வந்து கட்டிக்கொள்வதற்காக. இவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வக்கீல் வீட்டுக்கு ஒரு நிறம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறம் என்று ஒட்டாமல், எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில், ஒரே வயதுத் தகடாகத் தேடித் தேடி ஒட்டியிருக்கிறாள்.

அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்க்கிறவருக்கு, எல்லாம் ஒன்றுபோல இருந்தால் தெரியாமலா இருக்கும் என்றாள். தெரிந்துதான் மறுபடியும் வருகிறார் என்றாள். சொல்லும்போது அவள் காது சிவந்திருந்தது. ஐம்பது வயதில் காது சிவக்கிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆகமொத்தம் என் மேஜையில், என் கண்ணெதிரில், ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசி முடித்திருக்கிறார்கள். முட்டாளானது நான் ஒருத்திதான்.

கோபம் சிரிப்பாக மாறிவிட்டது. ஆனால் படுத்தபின் வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கேட்டால் இவள் போய்விடுவாள். அறை காலியாகும், மேஜை காலியாகும், நான் பாட்டுக்குத் தட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இதற்குத்தானே இத்தனை வருஷம் சண்டை போட்டேன்? எனக்கு அது துளிக்கூடப் பிடிக்கவில்லை.

ஒரு பியானோவில் வெள்ளைக் கட்டை ஐம்பத்திரண்டுதான். அவர் பிடுங்கிப் பிடுங்கிக் கொண்டுவந்ததில் அவை தீர்ந்துகொண்டே வந்தன. இனி இந்தப் பக்கத்தில் நான்குதான், இரண்டுதான் என்று இருவருமே மனதுக்குள் கணக்கு வைத்திருந்திருப்பார்கள். டீ ஆறிப்போகும்வரை குடிக்காமல் வைத்திருந்தார். கடைசியில், வலதுகோடியில் இருக்கிற கட்டையைக் கொண்டுவந்தார். மற்ற வெள்ளைக் கட்டைகளுக்கெல்லாம் பக்கத்தில் கறுப்புக் கட்டை உட்கார இடம் விட்டு ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அந்தக் கோடிக் கட்டைக்கு மட்டும் எந்தப் பக்கமும் கறுப்பு இல்லாததால் வெட்டே கிடையாது. ஒரு பியானோவுக்கு ஒன்றுதான். அதனால் அதற்கான தகடு கிடைப்பது கஷ்டம்.

நாத்தனார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வெட்டு இல்லாத தகடு இந்த நிறத்தில் தன்னிடம் இல்லை, தேடிப் பார்க்கிறேன் என்றாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“மெதுவா தேடுங்க. அவசரமே இல்ல,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை வந்தார். கிடைத்ததா என்று கேட்பார், இல்லை என்பாள், டீ குடித்துவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை. இப்படியே விட்டால் இருவரும் கிழடுதட்டி, கண் தெரியாமல் போய், அப்போதும் தேடிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் இதில் லாபம்தான். அவள் எங்கேயும் போகவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பிறவியிலேயே வராத விஷயமாயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது அறையைப் பெருக்கப் போனேன். சரி, பெருக்கத்தான் போனேன் என்று நானே நம்பமாட்டேன். தைல டப்பா ஒன்று தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்தால் பஞ்சுக்கு நடுவில் ஒரே ஒரு தகடு. எந்தப் பக்கமும் வெட்டில்லை. மேஜைக்குக் கொண்டுபோய், நைட்டியை மாற்றிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கட்டையோடு, நிறம் பார்ப்பதற்காக அவர் விட்டுப்போயிருந்த இன்னொரு கட்டையையும் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்ததற்கு எனக்கும் கொஞ்சம் கண் திறந்திருந்தது. அச்சு அசல் அதே நிறம். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்கவே கிடைக்காது.

அவள் பையோடு உள்ளே வந்தாள். மேஜைமேல் தகடு இருப்பதைப் பார்த்தாள். பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி இல்லைன்னு சொன்ன? இதை ஒட்டிட்டா அவரு வர்றது நின்னுரும்னு பயமா?” என்று கேட்டேன்.

“அவரு நிக்க மாட்டாரு அண்ணி. இதைக் குடுக்கற அன்னிக்கே கேட்டுருவாரு. அவரு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.”

“கேட்டா கேக்கட்டுமே. உனக்கு இஷ்டம் இல்லையா?”

“இஷ்டந்தான்.” தகட்டை எடுத்து விளிம்பை நகத்தால் தடவினாள். “கேட்டா சரின்னுதான் சொல்லுவேன். சொல்லிட்டா இங்கேருந்து போகணும். உங்களை விட்டுட்டு எப்படி அண்ணி போறது?”

அண்ணனை விட்டு என்று சொல்லவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு என்றும் சொல்லவில்லை. உங்களை என்றாள். இந்த மேஜைக்காக, அந்தப் பசை நாற்றத்துக்காக, இஸ்திரிப் பெட்டிக்காக நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வாய்க்குச் சொந்தக்காரியை விட்டுப் போக முடியாமல்தான் ஒருத்தி தகட்டைப் பஞ்சில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அழுதேன். துக்கத்தில் இல்லை. என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை, அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளும் அழுதாள். உள்ளே இருந்து வந்த என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இப்படியே உட்கார்ந்திருந்தால் நானே தகட்டை எடுத்து ஒளித்துவைத்துவிடுவேன் என்று தோன்றியது. பசை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். நாளைக்கு அவர் வருவதற்குள் காய வேண்டுமே, இப்போது ஒட்டினால்தான் உண்டு என்றேன். அவள் கட்டையை எடுத்து, துணியால் துடைத்து, பசை தடவ ஆரம்பித்தாள். தகட்டை எடுத்து மேலே கொண்டுவந்தவள் நிறுத்திவிட்டாள். எத்தனையோ ஆயிரம் தகடு ஒட்டிய கை, இந்த ஒன்றை வைக்க மாட்டேன் என்றது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கட்டை நகராதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

“நான் பிடிச்சுக்கறேன். நீ ஒட்டு,” என்றேன்.